சுற்றுக்கு ஒன்றா, சுற்றுக்கு இரண்டா?

இயந்திரமும் காரணமும் – 11

பழுதாக இருந்தபோது இல்லாத ஒரு நடுக்கத்துடன், பழுது நீக்கப்பட்ட பிறகு வண்டி பட்டறையை விட்டு வெளிவருவது, பழைய பிக்கப் வாகனங்களைப் பொறுத்தவரை அரிதான நிகழ்வன்று. யுனிவர்சல் ஜாயிண்ட் மாற்றப்பட்டிருக்கும், அல்லது கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றப்பட்டிருக்கும், அல்லது தளர்ந்துபோன ஸ்பிரிங் பட்டைகளுக்குப் பதில் புதியவை பூட்டப்பட்டிருக்கும். மாற்றப்பட்ட ஒவ்வொன்றும் புதியதாகவும் குறையற்றதாகவுமே இருக்கும். ஆயினும் வேகமானி 80ஐத் தாண்டியதும் கால் வைத்த தகடு அதிரும், உட்கண்ணாடியில் தெரியும் உருவம் கலங்கும், இருக்கைக்கு அடியிலிருந்து ஓர் உறுமல் கிளம்பும். இந்நிலையில் வழக்கமாக நடப்பது, சந்தேகத்துக்குரிய பாகங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்ப்பதாகும். அது உரிமையாளரின் பணத்தையும் பணியாளரின் உழைப்பையும் தின்பதோடு, உண்மையான காரணத்தின் தடயங்களையும் அழித்துவிடுகிறது. ஏனெனில் பழுதுபார்த்த பின் தோன்றும் நடுக்கத்துக்குப் பெரும்பாலும் ஒரு பாகத்தின் கெடுதல் காரணமாக இருப்பதில்லை. இரண்டு பாகங்களுக்கு இடையே இருந்து, எவராலும் குறித்துவைக்கப்படாமல் போன ஒரு கோணமோ, ஒரு திசையோ, ஓர் இருப்புநிலையோ வேலையின்போது மாறிப்போயிருப்பதே காரணமாக இருக்கும்.

முன்புறம் எஞ்சின், அதன் பின்னால் கியர்பாக்ஸ், பின்முனையில் இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியலைத் தன்னுள் கொண்ட ஆக்சில் ஹவுசிங் என்று அமைந்த இவ்வகை வண்டிகளில், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்னால் கொண்டுசெல்லும் நீண்ட எஃகுக் குழாய்க்குப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று பெயர். கியர்பாக்ஸ், ரப்பர் மவுண்டிங்கின் வழியே சேஸிஸுடன் பிணைக்கப்பட்டிருக்க, ஆக்சிலோ ஸ்பிரிங் பட்டைகளோடு கட்டப்பட்டு ஒவ்வொரு குழிக்கும் மேட்டுக்கும் ஏறி இறங்குவதால், இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவும் கோணமும் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கின்றன. தொலைவின் மாற்றத்தை, ஒன்றனுள் ஒன்று சறுக்கும் பல்வரிகளைக் கொண்ட ஸ்லிப் யோக் ஏற்றுக்கொள்கிறது. கோணத்தின் மாற்றத்தை, ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள யுனிவர்சல் ஜாயிண்டுகள் ஏற்றுக்கொள்கின்றன. யோக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நுகம் என்பது பொருள். இரண்டு காதுகளை உடைய கவை போன்ற அந்த உறுப்பு இரண்டை, ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பிடித்து வைத்திருக்கும் சிலுவை வடிவ இரும்பே, தமிழக உதிரிபாகக் கடைகளில் யு.ஜே. கிராஸ் என்று கேட்டு வாங்கப்படுவது. ஆக்சில் ஹவுசிங்கின் முன்மூக்கில், ஷாஃப்டின் பின்முனையைப் பெற்றுக்கொள்ளும் சிறிய பல்சக்கரத்தண்டு பினியன் எனப்படும்.

இந்த அமைப்பில் எது நடுங்குகிறது என்பதைக் கண்டறிவதற்கான முதல் கருவி எண்ணிக்கையாகும். ஒரே வேகத்தில் ஓடும் வண்டியில் டயர், ஷாஃப்ட், எஞ்சின் ஆகிய மூன்றும் வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. ஆகவே ஒவ்வொன்றின் குறையும் வெவ்வேறு அதிர்வெண்ணில், அதாவது நொடிக்கு இத்தனை முறை என்ற தனித்த கணக்கில், தன்னை வெளிக்காட்டுகிறது. 1988 முதல் 1998 வரையிலான மாடல் ஆண்டுகளில் அமெரிக்காவில் விற்கப்பட்ட செவ்ரோலே சி/கே 1500 வரிசையில், 245/75 ஆர் 16 அளவு டயரும் 3.73 ஆக்சில் விகிதமும் கொண்ட ஒரு வண்டியை எடுத்துக்கொண்டால், எடை தாங்கிய நிலையில் அந்த டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.35 மீட்டர் உருள்கிறது. மணிக்கு 100 கி.மீ. என்பது நொடிக்கு 27.8 மீட்டர், எனவே டயர் நொடிக்கு 12 முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுழல்கிறது. பினியன் 3.73 முறை சுழன்றால்தான் சக்கரம் ஒரு முறை சுழலும் என்பதால் ஷாஃப்ட் நொடிக்கு 44 முறை, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,650 முறை சுழல்கிறது. அவ்வண்டிகள் பலவற்றில் இருந்த 4எல்60-இ தானியங்கிக் கியர்பாக்ஸின் உச்சக் கியர் விகிதம் 0.70 என்பதால், எஞ்சின் அப்போது நிமிடத்துக்கு 1,850 சுற்றுகளில் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த எண்கள் உடலில் வெவ்வேறு விதமாக உணரப்படுகின்றன. நொடிக்கு 12 என்பது குலுக்கம். ஸ்டீயரிங்கும் இருக்கையும் ஆடுவதைக் கண்ணாலேயே காணலாம். நொடிக்கு 44 என்பது குலுக்கமாகத் தெரியாது. பாதத்தில் சுரசுரப்பாகவும் காதில் அடைப்பது போன்ற தாழ்ந்த முழக்கமாகவும் தெரியும். அதற்கு இருமடங்கான 88, நடுக்கம் என்பதைக் கடந்து ஒரு ரீங்காரமாகவே கேட்கும். ஜெனரல் மோட்டார்ஸ் பட்டறைகளில் இதை அளக்க, வெவ்வேறு நீளமுள்ள மெல்லிய உலோக நாக்குகளில் எது துடிக்கிறது என்று காட்டும் ரீட் டாக்கோமீட்டர் பயன்பட்டது. பின்னர் மின்னணுக் கருவி வந்தது. இன்று கைப்பேசியில் உள்ள முடுக்கமானியே, தக்க செயலி இருந்தால், இருக்கையின் சட்டத்தில் வைத்து இந்த எண்ணைப் போதுமான துல்லியத்துடன் காட்டிவிடுகிறது. காகிதத்தில் டயரின் சுற்றளவையும் ஆக்சில் விகிதத்தையும் எழுதிக் கணக்கிட ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாமல் முதல் போல்ட்டைக் கழற்றுவது, நாடி பார்க்காமல் மருந்து எழுதுவதற்கு நிகரான செயல்.

கருவி இல்லாதபோதும் சாலைச் சோதனை பெரும்பகுதியைப் பிரித்துக் காட்டிவிடும். நீண்டநாள் நின்ற வண்டியின் டயர்கள் தரை தொட்ட இடத்தில் தட்டையாகியிருக்கும் என்பதால் முதலில் 15, 20 கி.மீ. ஓட்டி அவற்றைச் சூடேற்றிவிட்டு, ஆளரவமற்ற நேரான சாலையில், நடுக்கம் மிகுந்து தெரியும் வேகத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டும்போது எஞ்சினின் சுற்று கூடுகிறது, ஆனால் ஷாஃப்டின் சுற்று மாறுவதில்லை. நடுக்கமும் மாறாமல் இருந்தால், குற்றம் கியர்பாக்ஸின் வாயிலுக்குப் பின்னால் இருக்கிறது என்பது உறுதியாகிறது. அடுத்து நியூட்ரலில் வண்டியை உருளவிட்டுப் பார்க்க வேண்டும்: நடுக்கம் அப்படியே தொடர்ந்தால் எடைச் சமநிலை, வளைவு, டயர் ஆகியவற்றின் பக்கமும், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் பெருகி, விடும்போது அடங்கினால் கோணங்களின் பக்கமும் ஐயம் சாய வேண்டும்.

வண்டி நின்றபடியே எஞ்சினை முறுக்கும்போதும் நடுக்கம் வருகிறதென்றால் ஷாஃப்டைத் தொடவே தேவையில்லை. இதற்கு ஃபோர்டு நிறுவனத்தின் 302 கன அங்குல வி8 எஞ்சின் தெளிவான எடுத்துக்காட்டு. எஃப்-150 பிக்கப்பிலும் இடம்பெற்ற இந்த எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் தன்னளவில் முழுச் சமநிலை பெற்றதன்று. ஃபிளைவீலிலும் முன்புற டாம்பரிலும் வேண்டுமென்றே வைக்கப்பட்ட மிகை எடை அதை நிறைவுசெய்கிறது. 1980களின் தொடக்கம் வரை 28 அவுன்ஸ்-அங்குலமாக இருந்த அந்த மிகை எடை, அதன்பின் 50 அவுன்ஸ்-அங்குலமாக மாற்றப்பட்டது; இரண்டு காலத்து ஃபிளைவீல்களும் போல்ட் துளைகள் பொருந்தி எளிதாக ஏறிவிடும். கிளட்ச் வேலையின்போது மற்றொரு காலத்தின் ஃபிளைவீல் ஏற்றப்பட்டுவிட்டால், பாகம் புதியது, பொருத்தமும் சரி, போல்ட்டுகளின் இறுக்கமும் சரி, ஆனால் எஞ்சின் எல்லா வேகத்திலும் உலுக்கும். இந்த உலுக்கலுக்காக ஷாஃப்டை எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் அது தணியப்போவதில்லை.

ஷாஃப்டின் மீதே ஐயம் விழுந்த பிறகு எழ வேண்டிய கேள்வி, நடுக்கம் அதன் ஒரு சுற்றுக்கு ஒரு முறை வருகிறதா, இரண்டு முறை வருகிறதா என்பதாகும். ஒரு முறை என்றால் எடையின் குறை. இரண்டு முறை என்றால் கோணத்தின் குறை. மேற்சொன்ன வண்டியில் 44க்கும் 88க்கும் இடையிலான இந்த வேறுபாடு, பட்டறையில் செய்யப்பட வேண்டிய வேலையையே இரண்டாகப் பிரிக்கிறது.

எடையின் குறை வேகத்தின் வர்க்கத்தில் வளர்வது. அதாவது வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்டின் மேற்பரப்பில் 10 கிராம் எடை ஒரு பக்கம் மிகுந்திருந்தால், நிமிடத்துக்கு 1,500 சுற்றில் அது ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடைக்கு ஈடான விசையாகவும், 3,000 சுற்றில் நாலரைக் கிலோவுக்கு ஈடான விசையாகவும், ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறி மாறி இழுக்கும். ஷாஃப்டைச் சமன்செய்வதற்காகப் பற்றவைக்கப்பட்டிருந்து, சுத்தம் செய்யும்போது பற்றவைப்பு விட்டுப்போய் விழுந்த ஒரு சிறு எடைத்தகடும், கீழ்த்தளத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடிக்கும்போது ஷாஃப்டில் ஒரு பக்கமாகத் தெறித்து உறைந்த பூச்சும், இந்த அளவை எளிதில் எட்டிவிடும். ஆகவே முதல் வேலை ஷாஃப்டைத் துடைத்துப் பார்ப்பது. பழைய எடைத்தகடு ஒன்று இருந்து விழுந்திருந்தால், அந்த இடத்தில் பற்றவைப்பின் இரண்டு பளிச்சென்ற புள்ளிகள் எஞ்சியிருக்கும்.

விழுந்த எடை எதுவும் இல்லையென்றால், ஷாஃப்ட் எந்த முகமாகக் கழற்றப்பட்டதோ அதே முகமாகப் பூட்டப்பட்டதா என்ற ஐயம் எழ வேண்டும். பினியனின் யோக்கில் கிராஸை யு-போல்ட்டுகளோ பட்டிகளோ பிடித்திருக்கும் வண்டியில், ஷாஃப்டை 180 பாகை திருப்பியும் பூட்ட முடியும். சம இடைவெளியில் நான்கு போல்ட் கொண்ட ஃபிளேஞ்ச் என்றால் நான்கு விதமாகப் பூட்ட முடியும். எல்லாம் சரியாக இறுகிவிடும் என்பதால் தவறு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எந்த ஃபிளேஞ்சும் முழு வட்டமாகச் சுழல்வதில்லை. அதன் சிறு கோணலும் ஷாஃப்டில் எஞ்சியிருக்கும் சிறு எடை வேறுபாடும் ஒன்றையொன்று குறைக்கும் முகம் ஒன்று உண்டு, இரண்டும் கூடிக்கொள்ளும் முகமும் உண்டு. கழற்றுவதற்கு முன் ஷாஃப்டிலும் ஃபிளேஞ்சிலும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது. கோடு இழுக்கப்படாதபோதும் இழப்பு பெரிதன்று: நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, 180 பாகை திருப்பிப் பூட்டி, அதே சாலையில் மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். நடுக்கம் குறைந்தாலும் சரி, கூடினாலும் சரி, காரணம் அந்த இணைப்பில் இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. செலவோ அரைமணி நேர உழைப்பு மட்டுமே. இந்தத் துறையில் இதைவிட மலிவான சோதனையும் இல்லை, இதைவிட அதிகமாகப் புறக்கணிக்கப்படும் சோதனையும் இல்லை.

கிராஸ் மாற்றும் வேலையிலேயே ஒரு கண்ணி உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் பலவற்றில் தொழிற்சாலையில் பூட்டிய கிராஸுக்கு சர்கிளிப் எனப்படும் வளையப்பூட்டுகள் இருப்பதில்லை. யோக்கின் காதில் உள்ள சிறு துளை வழியே உருகிய நைலானைப் பீய்ச்சி, அது உறைந்து பேரிங் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும்படி செய்திருப்பர். அதை முதல் முறையாக மாற்றும்போது நைலானைச் சூடாக்கி வெளியேற்றி, உட்புறம் பூட்டும் வளையம் கொண்ட கிராஸைப் பொருத்த வேண்டும். பழைய நைலானின் துணுக்கு காடியில் எஞ்சிவிட்டாலோ, கிண்ணத்தின் உள்ளே ஊசி போன்ற உருளைகளில் ஒன்று சரிந்து அடியில் கிடந்துவிட்டாலோ, கிராஸ் ஒரு பக்கமாக அரை மில்லிமீட்டர் ஒதுங்கி நிற்கும். அதோடு சேர்ந்து ஷாஃப்டின் முனை முழுவதும் மையம் விலகிச் சுழலும். சுத்தியலால் ஓங்கி அடித்துக் கிண்ணத்தை ஏற்றும் பழக்கம் யோக்கின் காதுகளை உட்புறமாக நெருக்கிவிடுவதும் உண்டு. பூட்டிய பின் கிராஸ் எல்லாத் திசையிலும் ஒரே சீராக, விரல் விசைக்கு மடங்க வேண்டும். ஒரு திசையில் இலகுவாகவும் மறு திசையில் இறுக்கமாகவும் இருந்தால் அந்த வேலை இன்னும் முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இவை யாவும் சரியாக இருந்தும் சுற்றுக்கு ஒன்று என்ற நடுக்கம் நீடித்தால், டயல் கேஜை நிறுத்தி ஷாஃப்டை மெல்லச் சுழற்றி, வளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; நடுப்பகுதியில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டருக்கு மேல் முள் அசைந்தால் எடை சேர்த்துச் சமாளிக்க முயல்வது வீண். வளைவும் இல்லையென்றால் எஞ்சியிருப்பது சமன்செய்தல்; இதைப் பட்டறையில் இரண்டு ஹோஸ் கிளாம்புகளைக் கொண்டே செய்யலாம். பின் ஆக்சிலைத் தாங்கிகளில் உறுதியாக நிறுத்தி, பின் சக்கரங்களைக் கழற்றி, டிரம்கள் நழுவாதபடி வீல் நட்டுகளை மறுபுறமாக முடுக்கிவிட்டு, ஷாஃப்டின் பின்முனைச் சுற்றளவை நான்காகப் பகுத்துக் குறியிட்டு, கிளாம்பின் கனமான திருகுத்தலையை ஒவ்வொரு குறியிலும் வைத்து ஓட்டிப் பார்த்தால், ஓரிடத்தில் நடுக்கம் தெளிவாகக் குறையும். பிறகு இரண்டாவது கிளாம்பைச் சேர்த்து, இரண்டு தலைகளையும் அந்த இடத்திலிருந்து இருபுறமும் சமமாக விலக்கிக்கொண்டே போனால், தேவையான அளவு எடை தானே அமைகிறது. சுழலும் ஷாஃப்டின் அருகே ஆடையின் நுனிகூட செல்லக்கூடாது. ஓடும்போது வண்டியின் அடியில் எவரும் இருக்கக்கூடாது என்பது இந்த முறையின் முதல் நிபந்தனை.

சுற்றுக்கு இரண்டு என்ற நடுக்கமே இவை அனைத்திலும் நுட்பமானது. இத்தாலியக் கணிதவியலாளர் ஜெரோலாமோ கர்தானோவின் பெயரைத் தாங்கியிருப்பதும், 1676இல் ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் தம் நூலில் விவரித்ததும், 1903இல் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர் மோட்டார் வண்டிக்கு ஏற்றவாறு காப்புரிமை பெற்றதுமான இந்த ஜாயிண்டுக்கு, பிறவியிலேயே ஓர் இயல்பு உண்டு: வளைந்த நிலையில் அது சுழற்சியைச் சீராகக் கடத்துவதில்லை. உள்ளே வரும் தண்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், வெளியே செல்லும் தண்டு ஒரு சுற்றுக்குள் இருமுறை சற்று முந்தியும் இருமுறை சற்றுப் பிந்தியும் சுழல்கிறது. கிராஸின் இரு கரங்களும் கால் சுற்றுக்கு ஒருமுறை தம் பங்கை மாற்றிக்கொள்வதே இதற்குக் காரணம். ஜாயிண்டின் கோணம் 3 பாகை என்றால் இந்த ஏற்ற இறக்கம் 0.14 விழுக்காடு, 5 பாகை என்றால் 0.38, 10 பாகை என்றால் 1.5. கோணத்தின் வர்க்கத்தில் இது வளர்கிறது என்பதையும், நிமிடத்துக்கு 2,650 முறை சுழலும் கனத்த குழாய் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முடுக்கப்பட்டு இருமுறை தடுக்கப்படுகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தால், சிறு விழுக்காடுகள் ஏன் தகட்டை அதிரவைக்கின்றன என்பது விளங்கும்.

இந்தக் குறைக்கான மருந்து, அதே குறையுள்ள இரண்டாவது ஜாயிண்ட். முன் ஜாயிண்ட் தரும் ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயிண்ட் சரியாக எதிர்மறையாகத் திருப்பித் தந்தால், பினியனுக்குச் சீரான சுழற்சியே போய்ச் சேரும். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: இரு ஜாயிண்டுகளின் கோணமும் சமமாக இருக்க வேண்டும்; ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள யோக்குகளின் காதுகள் ஒரே தளத்தில் அமைந்திருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையைப் பற்றி, எந்த ஷாஃப்டையும் கியர்பாக்ஸில் பழைய பல்லிலேயே நுழைக்காவிட்டால் இந்தத் தளம் பிசகிவிடும் என்ற தவறான அறிவுரை பரவலாக வழங்குகிறது. ஒரே துண்டாகச் செய்யப்பட்டு, கியர்பாக்ஸின் வால்பகுதிக்குள் சறுக்கும் யோக்கைக் கொண்ட ஷாஃப்டில், இரு முனை யோக்குகளும் குழாயோடு பற்றவைக்கப்பட்டவை. கியர்பாக்ஸில் அதை எந்தப் பல்லில் நுழைத்தாலும் அந்தத் தளம் மாறாது. ஷாஃப்டே நடுவில் பல்வரியால் இணைக்கப்பட்டிருந்தாலோ, நீண்ட வீல்பேஸ் கொண்ட பிக்கப்பில் உள்ளதுபோல் சென்டர் பேரிங்கோடு இரு துண்டாக இருந்தாலோதான் தவறு நேர முடியும். அப்போது அது சிறிய தவறாக இருப்பதுமில்லை. 16 பற்களைக் கொண்ட பல்வரியில் ஒரு பல் தள்ளிச் சேர்ப்பது 22.5 பாகை விலகலாகும். கணக்கிட்டுப் பார்த்தால், இரண்டாவது ஜாயிண்ட் நீக்கியிருக்க வேண்டிய ஏற்ற இறக்கத்தில் முக்கால் பங்கு நீங்காமலே நின்றுவிடுகிறது. 90 பாகை விலகிவிட்டாலோ, ஒன்றையொன்று அழிக்க வேண்டியவை ஒன்றோடொன்று கூடி இருமடங்காகிவிடுகின்றன.

முதல் நிபந்தனையான கோணச் சமன்மையைக் கெடுப்பது பெரும்பாலும் ஷாஃப்டுக்குத் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் ஒரு வேலை. கியர்பாக்ஸின் வெளித்தண்டு பின்னோக்கி 3 பாகை சரிந்திருக்க, ஷாஃப்ட் 5.5 பாகை சரிந்திருக்க, பினியனின் அச்சும் கியர்பாக்ஸுக்கு இணையாக 3 பாகையில் இருந்த ஒரு வண்டியில், இரு ஜாயிண்டுகளும் 2.5 பாகை வளைந்து ஒன்றையொன்று நிறைவுசெய்துகொண்டிருந்தன என்று கொள்ளலாம். தொய்ந்த பின்புறத்தை உயர்த்துவதற்காக, ஸ்பிரிங் பட்டையின் பின்கண்ணைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிள் என்ற ஊசல்பட்டிக்குப் பதிலாக நீளமான ஒன்று போடப்படுகிறது. சேஸிஸ் உயர்ந்ததால் ஷாஃப்டின் சரிவு 7.5 பாகையாகிறது, பட்டையின் பின்கண் சேஸிஸை விட்டுத் தாழ்ந்ததால் ஆக்சில் சற்றே சுழன்று, பினியனின் மூக்கு மேல்நோக்கி 5 பாகையாகிறது. இப்போது முன் ஜாயிண்டின் கோணம் 4.5, பின் ஜாயிண்டின் கோணம் 2.5. வர்க்கங்களின் வேறுபாட்டைக் கொண்டு கணக்கிட்டால், எஞ்சும் ஏற்ற இறக்கம், 3.7 பாகையில் வளைந்த ஒற்றை ஜாயிண்டைத் துணையின்றி ஓட்டுவதற்குச் சமம். வேலைக்கு முன் அது பூச்சியம். ஷாஃப்ட் கழற்றப்படவே இல்லை, கிராஸ் தொடப்படவே இல்லை என்பதால், உரிமையாளரும் பட்டறையும் டயரையும் பேரிங்கையும் தேடிக்கொண்டிருப்பர்.

இக்கோணங்களை அளப்பது கடினமன்று. காந்த அடியுள்ள ஒரு கோணமானியை மூன்று இடங்களில் வைத்தால் போதும். ஆனால் வண்டியைச் சேஸிஸில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு அளந்தால், கிடைக்கும் மூன்று எண்களும் பொய். சக்கரங்களின் மீது முழு எடையும் நிற்க, சாலையில் நிற்பதுபோலவே நிற்கும் வண்டியில்தான் அளக்க வேண்டும். ஒவ்வொரு ஜாயிண்டின் கோணமும் ஏறத்தாழ 3 பாகைக்குள்ளும், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு பாகைக்குள்ளும் இருப்பது நல்லது. அதேவேளை கோணம் அறவே இல்லாமல் போவதும் நல்லதன்று. அரைப் பாகையாவது வளைவு இருந்தால்தான் கிண்ணத்தில் உள்ள ஊசி உருளைகள் உருண்டு தம் இடத்தை மாற்றிக்கொள்ளும், இல்லையெனில் ஒரே இடத்தில் அழுந்திக் குழி பறிக்கும். பினியனின் கோணத்தைத் திருத்த, ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்சிலின் இருக்கைக்கும் இடையே செருகப்படும் சரிவான எஃகு ஆப்புகள் 2, 4 பாகை என்று அளவிட்டுக் கிடைக்கின்றன.

இரு துண்டு ஷாஃப்டில் வண்டி புறப்படும்போது, மணிக்கு 40 கி.மீ.க்குள், முறுக்குவிசை மிகுந்த தருணத்தில் மட்டும் தோன்றி மறையும் உதறலும் கோணக் குறையே. வளைந்த ஜாயிண்ட், தான் கடத்தும் முறுக்குவிசைக்கு ஏற்ப, சென்டர் பேரிங்கைச் சுற்றுக்கு இருமுறை பக்கவாட்டில் உதைக்கிறது. பேரிங்கை மாற்றியபோது அதன் தாங்கிக்கும் சேஸிஸுக்கும் இடையே இருந்த மெல்லிய தகடுகள் திரும்பப் போடப்பட்டனவா என்பதையே இங்கு முதலில் கேட்க வேண்டும்.

ஷாஃப்டின் நீளத்தையும் இந்தக் கணக்கிலிருந்து விலக்க முடியாது. எந்தக் குழாய்க்கும், தன் எடையாலேயே வில்போல் வளைந்து சுழலத் தொடங்கும் ஒரு மாறுநிலை வேகம் உண்டு. நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அது குறைகிறது. 89 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் சுவரும் உள்ள எஃகுக் குழாய்க்கு, 1.5 மீட்டர் நீளத்தில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 6,500 சுற்று, 1.8 மீட்டரில் 4,500 சுற்று. சாலை வேகத்தில் ஷாஃப்ட் அந்த எல்லையை எட்டுவதில்லை என்று நிம்மதியடைவதற்கில்லை. ஜாயிண்ட் சுற்றுக்கு இருமுறை உதைப்பதால், எல்லையில் பாதியான 2,250 சுற்றிலேயே குழாய் அதிரத் தொடங்க இடமுண்டு; மேலே கணக்கிட்ட டயரும் ஆக்சில் விகிதமும் உள்ள வண்டியில் அது மணிக்கு 85 கி.மீ. கியர்பாக்ஸ் வகை மாற்றப்பட்டு, அதற்கேற்ப ஷாஃப்ட் நீட்டப்பட்ட பழைய வண்டிகளில், சமன்செய்தல் எவ்வளவு நேர்த்தியாக நடந்திருந்தாலும் ஒரே ஒரு வேகத்தில் மட்டும் முழக்கம் எழுந்து அடங்குவதற்கு இது காரணமாகலாம்.

சில வண்டிகளில் அதிர்வு புதிதாகத் தோன்றியதே இல்லை. முன்பும் இருந்தது, இப்போதுதான் உள்ளே வர வழி கிடைத்தது. கியர்பாக்ஸை இறக்குவதற்காகத் தளர்த்தப்பட்ட சைலன்சர் குழாய் மீண்டும் பூட்டப்படும்போது, ரப்பர் தொங்கிகள் முறுக்கப்பட்ட நிலையில் இறுகியிருந்தாலோ, குழாய் ஓரிடத்தில் சேஸிஸைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ, ரப்பர்கள் விழுங்கிக்கொண்டிருந்த அதிர்வு இரும்பின் வழியே நேராகக் கேபினுக்குள் வருகிறது. இணைப்புகளைத் தளர்த்தி, எஞ்சினை ஓடவிட்டுக் குழாய் தானாக நிலைகொண்ட பின் முன்னிருந்து பின்னாக இறுக்கினால் இது தீரும். கியர்பாக்ஸ் மவுண்டிங்கில் ரப்பர் ஊறி நசுங்கியிருந்தாலோ, மாற்றிய மவுண்டிங்கின் உயரம் வேறாக இருந்தாலோ, அதிர்வுக்கு வழி திறப்பதோடு முன் ஜாயிண்டின் கோணமும் மாறிவிடுகிறது என்பதால் அதைத் தனியே அளந்து பார்க்க வேண்டும்.

பிக்கப் என்பது சுமை ஏற்றும் வண்டி என்பதால், இத்தனை அளவீடுகளுக்குப் பின்னும் ஒரு முடிவு உரிமையாளரிடம் கேட்டே எடுக்கப்பட வேண்டியிருக்கிறது. வெறும் வண்டியில் மேல்நோக்கி வளைந்து நிற்கும் ஸ்பிரிங் பட்டைகள் அரை டன் ஏறியதும் தட்டையாகின்றன. சேஸிஸ் தாழ்கிறது, ஷாஃப்டின் சரிவு குறைகிறது, இரு ஜாயிண்டுகளின் கோணமும் மாறுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, சக்கரத்தைத் திருப்பும் விசையின் எதிர்விளைவாகப் பினியனின் மூக்கு மேலே எழுவதும் இதோடு சேர்கிறது. பட்டைகள் தளர்ந்த பழைய வண்டியில் அந்த எழுச்சி கூடுதலாக இருக்கும் என்பதால், நிற்கும் நிலையில் மூக்கை ஒரு பாகை தாழ்த்தியே வைப்பதுண்டு. எல்லாச் சுமைக்கும் எல்லா வேகத்துக்கும் பொருந்தும் ஒரே கோணம் இவ்வமைப்பில் இல்லை. வாரம் முழுவதும் வைக்கோல் கட்டுகளைச் சுமக்கும் வண்டி என்றால், அந்தக் கட்டுகளை ஏற்றி நிறுத்தி அளந்து ஆப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; ஓட்டுநர் ஒருவரோடு வெறுமையாகவே நெடுஞ்சாலையில் ஓடும் வண்டி என்றால், அதே ஓட்டுநரை இருக்கையில் அமர்த்தி, எரிபொருள் கலத்தை வழக்கமாக இருக்கும் அளவுக்கு நிரப்பி, அந்த நிலையில் அளக்க வேண்டும்.